மீன்தொட்டியும் ஏழு நடையும்

அன்புள்ள ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டையில், வண்டி நுழைய முடியாத ஒரு சந்தின் கடைசி வீட்டில், முதல் மாடியில் குடியிருக்கிறேன். அப்பா கட்டிய வீடு. இப்போது தரையை மாற்றிக் குளியலறையைப் புதுப்பிக்கிறேன். 15 மூட்டை சிமெண்ட், 80 மூட்டை எம்-சாண்ட், மாதவரத்தில் எடுத்து வைத்திருக்கும் 40 பெட்டி டைல்ஸ் ஆகியவை வீடு வந்து சேரவேண்டும். வியாசர்பாடியில் இருக்கும் என் பள்ளித் தோழர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். பல ஆண்டுகளாக நான் மீன் வளர்ப்பவன். என் மூன்றடித் தொட்டியின் மீது அவருடைய மகளுக்குக் கொள்ளை ஆசை. தொட்டி, மோட்டார், விளக்கு, கப்பி, மோலி மீன்கள் எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்துவிடுவது, பதிலுக்கு அவர் 5 நடை அடித்துத் தருவது என்று பேசிக்கொண்டோம். 2 நடை வந்தது. சிமெண்ட் முழுவதும், மணலில் 20 மூட்டையும் இறங்கின. மேலே ஏற்ற இரண்டு பையன்களை அவரே அழைத்து வந்திருந்தார். அதன்பின் இரண்டு வாரமாக அவர் வரவில்லை. என் மனைவி, பணம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளச் சொன்னார். நான் 1500 ரூபாயை நீட்டியதும் தோழர் முகம் சிவந்து, வாங்காமல் போய்விட்டார். மீதி நடையைக் கேட்பது தவறா? பொழுதுபோக்குப் பொருளைக் கொடுத்து உழைப்பைப் பெற நினைத்ததே தவறா? தொட்டி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.

வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் எண்களை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆக 750 கிலோ. பழைய சிமெண்ட் சாக்கில் நிரப்பிக் கட்டிய மணல் மூட்டையை 40 கிலோ என்று வைத்தால் 80 மூட்டைக்கு 3200 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டி ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். 40 பெட்டிக்கு 1200 கிலோ. எல்லாம் சேர்த்து 5150 கிலோ. நம் ஊரில் குட்டியானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டி தாங்கும் சுமை ஏறக்குறைய 750 கிலோதான். அப்படியானால் இந்தப் பொருளுக்கு 5 நடை போதாது; 7 நடை வேண்டும். உங்களுக்கு இன்னும் 3 நடை பாக்கி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் 5 நடை அடிக்கவேண்டும் என்பது, சுமை ஏற்றிப் பழகிய உங்கள் தோழருக்கு இரண்டாவது நடையிலேயே தெரிந்திருக்கும். அதைச் சொன்னால் கணக்குப் பார்ப்பவர் என்று நினைத்துவிடுவீர்களோ என்று அவர் வாய் திறக்காமல் விலகியிருக்கிறார் என்பதே என் கணிப்பு.

வண்டியின் கணக்கு இதோடு முடிகிறது. கழுத்தின் கணக்கு வேறு. சந்து முனையில் வண்டி நின்றுவிடுவதால், 15 மூட்டை சிமெண்டும் 80 மூட்டை மணலும் 40 பெட்டி டைல்ஸும் 135 தனித்தனிச் சுமைகளாக ஒரு மனிதனின் தோளிலோ தலையிலோ ஏறி, சந்தைக் கடந்து, மாடிப்படி ஏறவேண்டும். 35 சுமை ஏறிவிட்டது. 100 மீதி இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஒரு வளர்ந்த ஆண் தூக்கும் சுமைக்கு 55 கிலோவை உச்ச வரம்பாகப் பரிந்துரைத்தது. நம் சிமெண்ட் மூட்டை அந்த வரம்புக்கு வெறும் 5 கிலோ மட்டுமே குறைவு. இந்த வேலையைச் செய்தவர்கள் அந்த இரண்டு பையன்கள். அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்தது அந்த மௌனம்தான்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு என்னுடைய அனுபவம் ஒன்று காரணம். பல ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடியில் என் வீட்டு அடுப்படிக்கு மேடை கட்டியபோது, என்னிடமிருந்த கேரம் பலகையை ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, தெருமுனையில் கொட்டியிருந்த மணலையும் செங்கல்லையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும்படி கேட்டேன். கேரம் பலகைக்கு வடசென்னையில் என்ன மதிப்பு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, உங்களுக்குப் பக்கத்திலுள்ள புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாக வளர்ந்தவர். என் பலகையும் போட்டி அளவுப் பலகை. 74 சென்டிமீட்டர் சதுர ஆடுதளம் கொண்டது. பவுடர் தூவி நான் பல இரவுகள் ஆடியது. வண்டிக்காரர் அதைத் தட்டிப் பார்த்து, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். எத்தனை சுமை, எந்த நேரம் வரை என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. உதவிக்கு ஒருவரை அழைத்து வந்தார். நடுப்பகலில் பாதி மணல் கிடக்கும்போதே வேலை முடிந்தது என்று அவர் கை கழுவினார். முழுவதும் முடிக்கவேண்டும் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த மனக்கசப்பைக்கூட மறந்துவிடலாம். உதவிக்கு வந்தவர் வாசற்படியில் நின்று, "அண்ணே, பலகை அவருக்கு. எனக்கு இன்னாண்ணே?" என்று கேட்டதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஒரு பலகையை இரண்டாக அறுத்துக் கொடுக்க முடியாது. வீட்டிலிருந்த பணத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். ஆனால் அவர் கேட்கும் வரை அது எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது. பொருளைக் கொடுத்து உழைப்பைப் பெறுவதில் தவறில்லை, அந்தப் பொருளை விரும்பிக் கேட்டவரே உழைப்பையும் தருகிற வரையில். உங்கள் தோழர் தம் மகளுக்காகத் தொட்டியை விரும்பினார். ஆகவே அவருடைய உழைப்புக்குத் தொட்டி ஈடாகும். அந்தப் பையன்கள் தொட்டியைக் கேட்கவில்லை. மூட்டை சுமந்து வயிறு வளர்ப்பவருக்குக் கூலி பணமாகத்தான் போகவேண்டும். கூலியைப் பணமாகத் தருவதே முறை என்று 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் வகுத்தது.

மற்றொன்று, அளவை முதலிலேயே வாய்விட்டுச் சொல்வது. பண்டமாற்று என்றால் நெருக்கமானவர்கள் கணக்கில்லாமல் கொடுத்து வாங்குவது என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். சங்கப் பாடல்களில் உப்பு விற்க வரும் உமணப் பெண் நெல்லுக்குச் சமமாக உப்பு என்று சேரி முழுவதும் கேட்கும்படி மாற்று அளவைக் கூவிக்கொண்டே வருகிறாள். அங்கே யாரும் அதைக் கஞ்சத்தனமாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இருவரும் 5 நடை என்று சொன்னீர்கள். நடைக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, மாடிக்கு ஏற்றுவது இதில் சேருமா, எந்தத் தேதிக்குள் என்பவற்றைச் சொல்லவில்லை. தோழரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். எனக்கும் அது இருந்தது.

அவர் பணத்தை வாங்காமல் போனதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டுத் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்தே பிழைக்கின்றன; கப்பிக்கும் மோலிக்கும் அங்கே விலை உண்டு. ஆனால் உங்கள் தோழர் கேட்டது கடையில் கிடைக்கும் தொட்டியை அல்ல. நீங்கள் வளர்த்த, அவருடைய மகள் உங்கள் வீட்டில் நின்று பார்த்த அந்தத் தொட்டியை. பாதி வழியில் 1500 ரூபாயை நீட்டியபோது, அதைக் கொடுக்க உங்களுக்கு மனமில்லை என்று அவர் கருதியிருப்பார். தொட்டி இன்னும் உங்கள் வீட்டிலேயே இருப்பது அந்த எண்ணத்தை வளர்க்கவே செய்யும்.

மீதி நடையைக் கேட்பது தவறில்லை. ஆனால் தொலைபேசியில் கேட்காதீர்கள். வியாசர்பாடிக்கு நேரில் போங்கள். நான் மேலே எழுதிய கணக்கை அவர் முன்னால் வைத்து, 5 நடை என்று நான் சொன்னது தவறு, உண்மையில் 7 ஆகிறது, பேசியபடி 3 நடை உன்னுடையது, மேலுள்ள 2 நடைக்கு வாடகை வாங்கிக்கொள், இல்லையென்றால் வேறு வண்டி பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பையன்கள் இருவருக்கும் ஏற்கெனவே ஏற்றிய 35 சுமைக்கான கூலியை அவர் எதிரிலேயே அவர்கள் கையில் கொடுங்கள். மீதி 100 சுமைக்கு என்ன கூலி என்பதையும் அவர்களிடமே கேட்டுப் பேசி முடியுங்கள். அவர்களை அழைத்து வந்தவர் என்ற முறையில், இத்தனை நாளும் அந்தப் பாரம் உங்கள் தோழரின் மனத்தை அழுத்தியிருக்கும்.

வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் சந்தில் மூட்டை தூக்குவது ஆபத்து. இறங்கிய சிமெண்டும் ஈரக்காற்றில் கட்டிதட்டிப் போகும். அதைப் பலகை மீது, சுவரை ஒட்டாமல் அடுக்கியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். டைல்ஸ் பெட்டிகளின் மீது அச்சிட்டிருக்கும் தொகுப்பு எண் நாற்பதிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை மாதவரத்திலேயே சரிபார்த்து ஏற்றுங்கள். எண் மாறினால் நிறமும் மாறும். அவற்றை மூலக்கடை, எருக்கஞ்சேரி வழியாகக் கொண்டுவருகையில் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்கினால் உடைசல் குறையும்.

தொட்டியை அந்த மூன்று நடை முடியும் வரை பிணையாக வைத்திருக்காதீர்கள். முதல் நடை வந்து திரும்பும்போது வெறும் வண்டியாகத்தான் போகும். அதில் ஏற்றி அனுப்புங்கள், நீங்களும் கூடப் போங்கள். மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் என்றால் அதில் 190 லிட்டர் தண்ணீர், அதாவது 190 கிலோ. ஆகவே வடித்துவிட்டே தூக்கவேண்டும், அவர் வீட்டில் வைக்கும் மேசையும் அந்தச் சுமையைத் தாங்கவேண்டும். பழைய தண்ணீரில் பாதியை மூடியுள்ள கேன்களில் பிடித்து எடுத்துப் போங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் வடிகட்டிப் பஞ்சில்தான் வாழ்கின்றன; அவை புதிதாக வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சுத்தமாகக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணத்தில் அந்தப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து ஒரு வாளியில் வைத்து, தோழரின் மகள் கையில் கொடுத்து எதற்கென்று சொல்லுங்கள்.