வாசகர் கேள்வி – பதில்: கூரைப் பேனலுக்கு எந்த சார்ஜ் கண்ட்ரோலர்?

கேள்வி: மின்தடை ஏற்படும் வேளையில் நான்கு விளக்குகளும் ஒரு மின்விசிறியும் இணைய மோடமும் இயங்கினால் போதும் என்று எண்ணி, 330 வாட் சோலார் பேனல் ஒன்றும் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையே சார்ஜைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் பிடபிள்யூஎம் வகைக் கண்ட்ரோலரே போதும் என்கிறார் கடைக்காரர். என் தம்பியோ விலை மூன்று மடங்கானாலும் எம்பிபிடி வகைதான் வாங்க வேண்டும் என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தங்கள் விஷயத்தில் தம்பி சொல்வதே சரி. அதற்கான காரணம் பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. 60 செல்கள் கொண்ட 330 வாட் பேனல் ஏறக்குறைய 33 வோல்ட் அழுத்தத்தில், 10 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டத்தைத் தரும்போதுதான் தன் முழுத் திறனை எட்டுகிறது. பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் என்பது பேனலையும் பேட்டரியையும் விரைவாக இணைத்தும் துண்டித்தும் வேலை செய்யும் ஒரு சுவிட்சுதான். அது இணைக்கும் கணத்தில் பேனலின் அழுத்தம் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மின்னோட்டமோ அதே 10 ஆம்பியராகவே இருக்கும். பத்தைப் பதின்மூன்றால் பெருக்கிப் பாருங்கள்: 330 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு 130 வாட்தான் பெறுகிறீர்கள். எம்பிபிடி கண்ட்ரோலர் அப்படியன்று. பேனலை அதற்கு உகந்த அழுத்தத்திலேயே இயங்கவிட்டு, மிகுதியான வோல்ட்டைக் கூடுதல் ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கிறது.

ஆனால் எத்தனை ஆம்பியர் கண்ட்ரோலர் என்பதில் தாங்கள் பேட்டரியையும் கேட்டாக வேண்டும். பேனல் ஏட்டில் உள்ளபடி முழுத் திறனைத் தந்தால் 24 ஆம்பியர் வரை வரும். ஈய அமில பேட்டரிக்கோ அதன் கொள்ளளவில் 10 முதல் 20 விழுக்காடு, அதாவது தங்கள் பேட்டரிக்கு 10 முதல் 20 ஆம்பியர்தான் பாதுகாப்பானது. மேலும், நம் ஊர் நண்பகல் வெயிலில் கூரைமேல் உள்ள பேனல் 60 பாகை வரை சூடேறும்போது அதன் திறன் தானாகவே குறைந்துவிடுகிறது. ஆகவே 20 ஆம்பியர் எம்பிபிடி தங்களுக்குப் போதும். ஆனால் பேனல் அதற்கு மேல் தந்தாலும் தன் வெளியீட்டை 20 ஆம்பியரிலேயே நிறுத்திக்கொள்ளும் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பின்னாளில் இரண்டாவது பேனல் வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், சார்ஜ் மின்னோட்டத்திற்கு வரம்பு வைக்கக்கூடிய பெரிய கண்ட்ரோலரை எடுங்கள்.

ஆம்பியர் சற்று முன்பின் ஆனாலும் சமாளிக்கலாம். ஆனால் கண்ட்ரோலரின் உள்ளீட்டு வோல்ட் வரம்பை மீறவே கூடாது. பேனல் தாளில் வி.ஓ.சி. என்று குறிக்கப்பட்டிருப்பது, சுமை எதுவும் இணைக்காத நிலையில் அது தரும் அழுத்தம். தங்கள் பேனலுக்கு அது 40 வோல்ட்டை ஒட்டியிருக்கும். இரண்டு பேனல்களைத் தொடராக இணைத்தால் 80 வோல்ட் ஆகிவிடும். 75 வோல்ட் வரம்புள்ள கண்ட்ரோலர் முதல் நாளே பழுதாகிவிடும். எனவே 100 வோல்ட் வரம்புள்ளதையே பரிந்துரைக்கிறேன்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஈய அமில பேட்டரிக்குச் சார்ஜ் அழுத்தமாகச் சொல்லப்படும் 14.4 வோல்ட் என்ற அளவு 25 பாகை வெப்பத்துக்கு உரியது. பினாங்கில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் மூலையில் வைத்த பேட்டரி 35 பாகையைத் தொடுவது அன்றாடம் நடப்பது. அந்த வெப்பத்தில் சார்ஜ் அழுத்தம் 0.2 முதல் 0.3 வோல்ட் வரை குறைய வேண்டும்; குறையாவிட்டால் பேட்டரியின் நீர் வற்றி, தகடுகள் அரித்து, ஆயுள் சுருங்கிவிடும். ஆகையால் வெப்ப உணரிக் கம்பியுடன் வரும் கண்ட்ரோலரை வாங்கி, அந்த உணரியைப் பேட்டரியின் மேலேயே ஒட்டுங்கள்.

பொருத்தும்போது முதலில் பேட்டரியை இணைத்துவிட்டுப் பிறகே பேனலை இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனல்தான் முதலில். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருக்கட்டும். இன்வெர்ட்டரைக் கண்ட்ரோலரின் சுமை முனையில் மாட்டாமல் நேரே பேட்டரியில் மாட்டுங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் 100 வாட் பேனல் ஒன்றை வைத்து, 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறேன். எம்பிபிடிக்கு மாறினால் 30 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள். மாறலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தங்கள் பேனல் 36 செல்கள் கொண்ட வகை என்றால், மாற வேண்டாம். அத்தகைய பேனலின் 18 வோல்ட் அழுத்தம் வெயிலின் சூட்டில் 15 அல்லது 16 வோல்ட்டாக இறங்கிவிடுகிறது. சார்ஜ் ஏறும் பேட்டரியோ 13.5 முதல் 14.4 வோல்ட்டில் நிற்கிறது. இடையில் உள்ள இந்தச் சிறிய இடைவெளியில் எம்பிபிடி மீட்டுத் தரக்கூடியது மிகக் குறைவு. குளிர் நாடுகளில் பேனல் குளிர்ந்து, பேட்டரியும் இறங்கிக் கிடக்கும் நேரத்தில்தான் அந்த 30 விழுக்காடு மெய்யாகிறது. அந்தப் பணத்தில் 6 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள நல்ல கேபிள் வாங்கினால் பலன் அதைவிட நிச்சயமானது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம்பிபிடி என்று மேலட்டையில் அச்சிட்டு, உள்ளே வெறும் பிடபிள்யூஎம் வைத்து விற்கப்படும் மலிவுப் பொருள்கள் நிறையவே இருக்கின்றன. உண்மையான எம்பிபிடியின் உள்ளே கனமான செப்புச் சுருள் இருப்பதால் கையில் எடுத்தாலே எடை தெரியும். வாங்கியபின் ஐயம் எழுந்தால், நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால், பேட்டரி நிறையாத வேளையில் நல்ல வெயிலில் இருபுறமும் அளந்து பாருங்கள். பட்டர்வொர்த் வாசகரின் பேனலைப் போன்ற உயர் அழுத்தப் பேனலில், பேட்டரிப் பக்கத்து ஆம்பியர் பேனல் பக்கத்தைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தால் அது எம்பிபிடி. இரண்டும் ஒன்றாகவே இருந்தால், ரசீதுடன் கடைக்குத் திரும்பிச் செல்லுங்கள்.