மனசுக்குள் ஒன்று, வாயில் ஒன்று: எப்படிச் சரிசெய்வது?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் வேலை பார்க்கிறீர்கள். கார்பைடு என்ற ரசாயனக் கல்லை வைத்துப் பழுக்கவைத்ததை "கல் போடாத பழங்க" என்று சொல்லி விற்பது உறுத்துகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறுத்துகிற வரைக்கும் நல்லதுதான். அது நின்றுபோனால்தான் சிக்கல். எண்ணமும் செயலும் முட்டிக்கொண்டால் மனம் தவிக்கும், இரண்டில் ஒன்றை மாற்றப் பார்க்கும் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் எழுதினார். செய்து முடித்ததை மாற்ற முடியாது. அதனால் பெரும்பாலும் எண்ணம்தான் வளைந்துகொடுக்கும். 1959-இல் அவரும் சக ஆய்வாளர் கார்ல்ஸ்மித்தும் ஒரு சோதனை செய்தார்கள். சலிப்பூட்டும் வேலையை முடித்தவர்களை, "சுவாரசியமாக இருந்தது" என்று அடுத்தவரிடம் பொய் சொல்லவைத்தார்கள். அதற்கு 20 டாலர் வாங்கியவர்களைவிட, வெறும் 1 டாலர் வாங்கியவர்கள்தான் அந்த வேலை நன்றாக இருந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். காசு போதாதபோது பொய்யை மனசே உண்மையாக்கிக்கொள்கிறது. மண்டிக் கூலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்!

அதனால் "எல்லாரும்தானே கல் வைக்கிறார்கள்" என்று தோன்றுவதற்குள் செயலை மாற்றுங்கள். முதலாளியை எதிர்க்க முடியாவிட்டாலும் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விடலாம். அப்புறம், கார்பைடுக்குச் சட்டப்படி தடை, பழுக்கவைக்க எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு என்று நேரம் பார்த்து அவரிடம் எடுத்துச் சொல்லலாம். பிடிக்காத வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வெறும் மரியாதை.