பேஸ் கிட்டார் கேள்வி-பதில்: காப்பி, கடல்காற்று, எர்த், அயினிப் பலகை

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ஆள் எழுதியது போல இருந்தது: கையில் இருப்பது காப்பி பேஸ் கிட்டார், அதை ஒரிஜினல் மாதிரி கேட்க வைப்பது எப்படி. கேரல் ரவுண்டு, சபை நாள், அசனம் (சபை விருந்து) என்று வரிசையாக வாசிக்க வேண்டிய மாதம் நெருங்குவதால் அவசரம் புரிகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் ஒருத்தர் பழைய 'ஃபெண்டர் ஜாஸ் பேஸ்' தருகிறேன் என்கிறார், விலை ரொம்பக் குறைவு. ஒரிஜினலா என்று எப்படிப் பார்ப்பது அண்ணே? காப்பி என்றால் வாங்கவே கூடாதா?

விலை ரொம்பக் குறைவு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பாதி பதில் அதிலேயே இருக்கிறது. ஆனால் காப்பி வேறு, கள்ளம் வேறு. ஒரு கம்பெனி தன் பெயரைப் போட்டு அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் வடிவத்தில் கிட்டார் செய்தால் அது காப்பி, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஃபெண்டர் பெயரையே ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிட்டாரின் தலைப்பகுதியில், ஒட்டி விற்றால் அது கள்ளம். ஸ்ட்ராட், டெலி, பிரசிஷன் பேஸ் என்ற மாடல்களின் பாடி வடிவத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய ஃபெண்டர் முயன்றது. எத்தனையோ வருடமாக எல்லோரும் செய்கிற வடிவம் என்று 2009-இல் அமெரிக்காவில் அதை மறுத்துவிட்டார்கள். பெயரும் ஹெட்ஸ்டாக் வடிவமும்தான் அவர்களுடையது.

எழுபதுகளில் ஜப்பான்காரர்கள் ஐபனேஸ், கிரெக்கோ, டோக்காய் என்ற பெயர்களில் அச்சு அசலாகச் செய்து தள்ளினார்கள். 1977-இல் ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக ஐபனேஸின் அமெரிக்கக் கிளைமேல் இன்னொரு அமெரிக்கக் கிட்டார் கம்பெனியான கிப்சனின் தாய்க் கம்பெனி வழக்கே போட்டது. அந்தக் காலத்து ஜப்பான் காப்பிகளை இன்று தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபெண்டரே 1982-இல் ஜப்பானில் ஸ்குவயர் என்ற பெயரில் தன்னைத் தானே மலிவாகக் காப்பி அடிக்க ஆரம்பித்தது, அப்புறம் நாம் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

பார்க்கப் போகும்போது ஒரு அளவு டேப் எடுத்துப் போங்கள். நட்டிலிருந்து (தலைப்பகுதி முடிகிற இடத்தில் கம்பிகள் உட்காருகிற சின்னப் பட்டை) பன்னிரண்டாவது ஃப்ரெட் (நெக்கில், அதாவது கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை 17 அங்குலம், அங்கிருந்து பாடியில் கம்பியைப் பிடித்திருக்கும் பிரிட்ஜின் சேடில் (கம்பி உட்காருகிற துண்டு) வரை இன்னொரு 17-ம் ஒரு நூல் கூடுதலும் இருக்க வேண்டும். ஜாஸ் பேஸின் நட் அகலம் வழக்கமாக 38 மில்லிமீட்டர். சீரியல் நம்பரை நம்பாதீர்கள், ஒரே நம்பரை நூறு கிட்டாரில் அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும்! விற்பவர் சம்மதித்தால் பின்பக்கத்து நாலு திருகையும் கழற்றி, நெக் உட்காருகிற குழியைப் பாருங்கள். கள்ளத்தில் பெரும்பாலும் அந்த இடம்தான் அசிங்கமாக இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், நெக்கைக் கண்ணோடு கண்ணாக நீளவாக்கில் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புத் தண்டில் சரிசெய்துவிடலாம், ராடு இன்னும் திரும்புகிறதா என்று மட்டும் கேளுங்கள். கயிறு முறுக்கியது போலக் கோணியிருந்தால் ஃபெண்டர் என்ன, பொன்னாலேயே செய்திருந்தாலும் வேண்டாம். நெக் நேராக இருந்து, பெயர் கள்ளமாக இருந்தால், காப்பி விலைக்குப் பேசி வாங்கி அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு வாசியுங்கள்.

மூவாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். பிக்கப் மாற்றவா, பிரிட்ஜ் மாற்றவா?

கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப், பிரிட்ஜ், இரண்டும் வேண்டாம் மக்கா. புதுக் கம்பி போட்டு செட்டப் செய்யுங்கள். தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி வேண்டும், அதற்கு மேல் இருந்தால் ராடைக் கால் சுற்று இறுக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நம்ம ஊரில் வருடத்துக்கு இரண்டு மழை, ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரண்டு தடவையும் நெக் கொஞ்சம் அசையும். இதைப் பழகிக்கொண்டால் பாதிப் பேருக்கு வேறு மாற்றமே தேவைப்படாது.

அப்புறமும் கை அரித்தால், செலவே இல்லாத ஒரு வேலை சொல்கிறேன். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைக் கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 1962 பிரசிஷன் பேஸ், லாபெல்லா கம்பெனியின் ஃப்ளாட்வவுண்ட் (தட்டையாகச் சுற்றிய, வழுவழுப்பான) கம்பி, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு பஞ்சுத்துண்டு. கம்பியை அறுந்தால்தான் மாற்றுவார், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வேலை செய்யும். ரப்பர் விளைகிற மாவட்டத்தில் பஞ்சுக்கா பஞ்சம், மெத்தைக் கடையில் கேட்டால் லேடெக்ஸ் வெட்டுத்துண்டு சும்மாவே தருவார்கள். விரல் தடிமனுக்கு ஒரு பட்டை வெட்டி, பிரிட்ஜை ஒட்டி, நாலு கம்பிக்கும் அடியில் செருகுங்கள். கம்பியைத் தூக்கக் கூடாது, தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். 'டூம்ம்ம்' என்று நீண்டது 'டும்' என்று நிற்கும், டிரம்ஸின் கிக்கோடு ஒட்டிக்கொள்ளும். பட்டையை அரை அங்குலம் முன்னே தள்ளினால் இன்னும் குட்டையாகும், தள்ளித் தள்ளிப் பார்த்து உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

மிச்சப் பணத்தில் டோன் குமிழின் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்க்கலாம், சில்லறைக் காசுதான். வழக்கமான மதிப்பு 0.047 மைக்ரோஃபாரட். 0.1 போட்டால் இன்னும் இருண்டு போகும், 0.022 போட்டால் முழுக்க மூடினாலும் கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சும். 'விண்டேஜ்' என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் விற்கிற கெப்பாசிட்டரை வாங்காதீர்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் இருட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆலயத்தில் வாசிக்கும்போது 'கும்'மென்று சத்தம் மட்டும்தான் வருகிறது, என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் யூடியூபில் போட்ட வீடியோவில் பேஸே கேட்கவில்லை! (தக்கலை)

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ். உயரமான கூரையும் சிமென்ட் சுவரும் உள்ள கட்டடம் அந்தத் தாழ்ந்த ஒலிகளை விழுங்காமல் உருட்டிக்கொண்டே இருக்கும், போன் ஸ்பீக்கரால் அதை உண்டாக்கவே முடியாது. இரண்டு இடத்திலும் காதுக்கு ஸ்வரம் தெரிவது 82, 123 என்று மேலே அடுக்கடுக்காக வரும் துணை ஒலிகளால். அவை சரியாக இருந்தால், இல்லாத 41-ஐக் காதே நிரப்பிக்கொள்ளும்.

அதனால் ஆம்பில் பேஸ் குமிழைக் கூட்டாதீர்கள். நடுவுக்குக் கீழே இறக்குங்கள், மிட்டை (நடு ஒலிகளை) 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், பரவாயில்லை, கூட்டத்தில் அதுதான் எடுபடும். ஜாஸ் பேஸ் என்றால் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பை முழுக்க வைத்து மற்றதைச் சற்றுக் குறையுங்கள். இரண்டும் ஒரே அளவில் திறந்திருந்தால் நடுப்பகுதி குழிந்துபோகும்.

இன்னொன்று, பாடகர் குழுவுக்கு நாலு குரல் நோட்டு இருக்குமே, அதில் பேஸ் வரியை வாங்கிப் படியுங்கள். கார்டின் மூல ஸ்வரத்தையே தட்டிக்கொண்டிருப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. பேஸ் கிட்டாருக்கு எழுதுவது கேட்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலே, அதனால் அந்த நோட்டை நீங்கள் அப்படியே வாசித்தால் பாடுகிறவர்களுக்கு ஒரு ஆக்டேவ் கீழே விழும். அழகாகத்தான் இருக்கும், சில வரிகளில் மட்டும் மேலே போய் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

மேடையில் மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றது. கிட்டார் கெட்டுப் போச்சா?

இதை எழுதியவர் ஏதோ சிரிப்பு விஷயம் போல எழுதியிருக்கிறார். சிரிப்பே இல்லை. உங்கள் கம்பி பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, மைக்கின் உலோக வலை மிக்சரின் எர்த்தோடு. ஆம்புக்கு ஒரு பக்கத்திலிருந்தும் மிக்சருக்கு வேறு பக்கத்திலிருந்தும் கரண்டு எடுத்து, அதில் ஒன்றில் எர்த் இல்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் நீங்கள்தான் ஒயர். திருவிழா மேடை, ஜெனரேட்டர், மழையில் நனைந்த தரை என்று சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, நம்ம ஊர்க் கரண்டு 230 வோல்ட்.

மேடையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள ஒரே லைனில் கரண்டு எடுக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்து ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையைக் மைக் வலையிலும் தொடுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். பத்து, இருபது, எண்பது என்று எண் ஏறினால் சவுண்ட்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கிட்டாரைத் தொடாதீர்கள். இரைச்சல் போகட்டும் என்று மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிட்டு வாசிக்கிறவர்களை நம்ம பக்கம் நிறையப் பார்க்கலாம். அந்த இரைச்சலுக்கு, கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்சே இருக்கிறது, அதைத் தட்டுங்கள், பிளக்கில் கை வைக்காதீர்கள்.

சும்மா இரைச்சல் மட்டும் என்றால் பயமில்லை. திரும்பி நின்றால் கூடிக் குறைந்தால் சிங்கிள் காயில் பிக்கப்பின் குணம், பெரும்பாலான ஜாஸ் பேஸ்களில் இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் அடங்கிவிடும். கம்பியைத் தொட்டதும் அடங்கினால் உள்ளே செப்புத்தாள் ஒட்ட வேண்டும்.

கடலோரம் வீடு, மாதம் ஒரு தடவை கம்பி துருப்பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (குளச்சல்)

கம்பிக்கும் வேண்டாம், ஃப்ரெட் பலகைக்கும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தலைக்கும் மீன் பொரிக்கவும்தான். மரத்தில் ஊறினால் நாளாக ஆகக் காறல் வாடை வந்து பிசுபிசுக்கும், அதில் அழுக்கு வேறு சேரும். ரோஸ்வுட் பலகை காய்ந்திருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை மினரல் ஆயில் ஒரு துளி போதும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பிக்கு அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பையில் மூடி வையுங்கள். அடுத்த தடவை கோட்டிங் உள்ள கம்பி வாங்குங்கள், விலை கூடுதல், ஆனால் கடற்கரையில் கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம்.

ஃப்ரெட்டைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கலாம் என்று பார்க்கிறேன். வள்ளத்துக்குப் பூசுகிற ரெசின் இங்கே கிடைக்கும், அதையே பூசலாமா?

ஃப்ரெட்லெஸ் பேஸில் பெயர் பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸின் கதையைப் படித்துவிட்டீர்கள் போல. ஃப்ரெட் நீக்கிய அவருடைய 1962 ஜாஸ் பேஸின் பலகையில் படகுக்குப் பூசும் எபாக்ஸிதான் இருந்தது, உண்மை. ஆனால் நம்ம பக்கம் ஃபைபர் வள்ளத்துக்கு வழக்கமாக ஓடுவது பாலியஸ்டர் ரெசின். இறுகும்போது அதிகம் சுருங்கும், எண்ணெய்ப்பசை உள்ள ரோஸ்வுட்டில் எபாக்ஸி போல ஒட்டாது. எபாக்ஸி என்று கேட்டு வாங்குங்கள்.

பிடுங்கும்போது சால்டரிங் அயனை ஃப்ரெட்மேல் வைத்துச் சூடாக்கி, கூர்மையான கொறடால் மெல்லக் கிளப்புங்கள், இல்லாவிட்டால் பலகை செதில் செதிலாகப் பெயரும். பள்ளத்தில் மெல்லிய வெனீர் பட்டை செருகி ஒட்டி, நீளமான நேர்க்கட்டையில் உப்புத்தாள் சுற்றிச் சமன் செய்யுங்கள். நட்டின் பள்ளங்களையும் இறக்க வேண்டும், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விரலை ஃப்ரெட் இருந்த கோட்டுக்குப் பின்னால் வைக்கக் கூடாது, சரியாகக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும். என் கட்சி, இருக்கிற நெக்கைக் கெடுக்காமல் இரண்டாவதாக ஒரு மலிவு நெக் வாங்கி அதில் செய்வது. கமகம் போட ஆசை வந்தால் நாலு திருகு மாற்றினால் போதுமே.

வீட்டில் காய்ந்த அயினிப் பலகை கிடக்கிறது. அதில் பாடி செய்யலாமா? (குலசேகரம்)

தாராளமாக. வீணையே பலாவில் செய்கிறோம், அயினி அதன் தம்பி. கனம் சுமார் 45 மில்லிமீட்டர் வேண்டும், ஒரே பலகை கிடைக்காவிட்டால் நடுவில் ஒட்டிக்கொள்ளுங்கள். எடையைத்தான் பார்க்க வேண்டும், கிட்டார் முழுசாக நாலரைக் கிலோ தாண்டினால் ஆராதனை முடிவதற்குள் தோள் போய்விடும். நெக்கை மட்டும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், வாங்குங்கள். ஆசாரியிடம் கொடுக்கும்போது நெக் குழியின் அகலம் இரண்டரை அங்குலம் என்று வாயால் சொல்லாமல் நெக்கையே கையில் கொடுத்து, அதை வைத்து வரையச் சொல்லுங்கள், இறுக்கமாக உட்கார வேண்டும். பிரிட்ஜைக் கடைசியில்தான் திருக வேண்டும். மீன்பிடிக் கயிறு ஒன்றை நட்டிலிருந்து இரண்டு ஓரத்திலும் இழுத்துப் பிடித்து, நெக்குக்கு நடுவாக வருகிறதா என்று பார்த்த பிறகு ஓட்டை போடுங்கள்.

உங்களுக்குப் பிடித்த டோன் எது?

பிரசிஷன், ஃப்ளாட்வவுண்ட், டோன் குமிழ் பாதி, மேலே சொன்ன ரப்பர் பட்டை. எண்பதுகளின் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டு ஓட வேண்டும், அது தெளிவாகவும் கேட்க வேண்டும். மியூசிக் மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே பேஸ் பளீரென்று இருக்கும், 1976-இல் அது வந்தபோது உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் வைத்திருந்தார்கள், ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிப்பது) அதை அடிக்க ஆளில்லை. இப்படிப் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் வைத்திருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஜாக்கில் ஒயர் செருகியிருக்கிற வரைக்கும் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பயிற்சி முடிந்ததும் ஒயரைப் பிடுங்குங்கள், பையில் ஒரு புது 9 வோல்ட் எப்போதும் கிடக்கட்டும்.

ஐந்து கம்பி பேஸ் வாங்கலாமா? என் ஆம்பில் பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான்.

உங்கள் ஆம்பின் ஸ்பீக்கர் பத்து அங்குலம் ஒன்றே ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாவது கம்பியின் பி 31 ஹெர்ட்ஸ், அந்தப் பெட்டியில் அது சரியாக வராது. முதலில் பெட்டியை மாற்றுங்கள்.