நான்காவது காய்

வணக்கம் அண்ணா. அப்பா போன பிறகு அம்மா குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார். வயது 71. நான் சென்னையில், தம்பி துபாயில். போன முறை வந்தபோது தம்பி அம்மாவின் போனில் லூடோ ஏற்றிக் கொடுத்தான். இப்போது பகலெல்லாம் அதுதான். "இந்த வயசுல சூதாட்டமா?" என்று பக்கத்துத் தெருவிலிருக்கும் மாமா சத்தம் போடுகிறார். நிறுத்தச் சொல்வதா, விடுவதா?
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஆடட்டும், விடுங்கள். ஆனால் அம்மா யாரோடு ஆடுகிறார்?

வாலாஜாவில் என் பெரியம்மாவுக்கு நானும் இப்படித்தான் ஏற்றிக் கொடுத்தேன். கம்ப்யூட்டரோடு ஆடும்படி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் போன் அலமாரியில் கிடக்கிறது. "அது வெட்டுது, வெட்டுப்படுது. ஒரு வார்த்தை பேச மாட்டேங்குதேப்பா" என்றார். செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது.

இப்போது தினமும் ராத்திரி ஏழரைக்கு அக்கா மகன் ஆட்டத்தில் தனி அறை திறந்து, அதன் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பேச்சுக்கு இன்னொரு போன், ஸ்பீக்கரில். பெரியம்மா பல வருஷம் பீடி சுற்றியவர். விரல் நுனி காய்த்துப்போய், தொட்டால் திரை கேட்பதில்லை. அதனால் பக்கத்தில் ஈரத்துணி. ரூபாய் எண்ணுகிறவர் மாதிரி தொட்டுத் தொட்டுப் பகடை உருட்டுவார். ஆறு விழுந்து காய் இறங்கினாலும் அவருக்கு அது தாயம்தான். நட்சத்திரக் கட்டம் மலை, வீடு சேர்ந்த காய் பழம். லூடோவும் தாயமும் ஒரு குடும்பத்து ஆட்டம்தானே! பேரன் காயை வெட்டும் முன் "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார். யாருக்குக் காய்ச்சல், பாலாற்றில் தண்ணீர் வந்ததா, எல்லாம் அந்த அரை மணியில் வந்துவிடும்.

மாமாவின் பயத்தைத் தள்ளிவிட வேண்டாம். காசு வைத்து ஆடும் ரம்மி எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுச் சட்டம் 2023-இல் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து மத்திய அரசும் 2025-இல் சட்டம் போட்டது. 'ஜெயித்தால் பணம்' என்று எது வந்தாலும் தொட வேண்டாம், தெரியாதவர்களோடு ஆட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். ஏமாந்து பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அப்புறம், நேரம் குறித்துவிடுங்கள். நமக்கு ஏழரை என்றால் துபாயில் ஆறு. தம்பிக்குத் தோதுப்படுமா என்று கேளுங்கள். லூடோவில் நான்கு நிறம். அம்மா, நீங்கள், தம்பி, மூன்று ஆச்சு. நான்காவதுக்கு மாமாவைக் கூப்பிடுங்கள்.