வயதான பூனைக்கு ஓயாத வாந்தி: வயசைக் காரணம் சொல்லி விட்டுவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு 13 வயது. ஆறு மாதமாக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வாந்தி எடுக்கிறாள், மலமும் இளகிப் போகிறது. பசி நன்றாகவே இருக்கிறது. ஆனால் 4.2 கிலோ இருந்தவள் இப்போது 3.4 கிலோதான். ஒவ்வொரு முறையும் ஊசி போட்டால் கொஞ்ச நாள் சரியாகிறது, அப்புறம் மறுபடி ஆரம்பிக்கிறது. முடி விழுங்கியிருப்பாள், வயசும் ஆகிவிட்டது என்கிறார்கள். கோழியும் சாதமும், எப்போதாவது மீனும் கொடுக்கிறோம். இனி என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்படுத்தியது வாந்தி அல்ல, எடை. 800 கிராம் குறைந்திருக்கிறது. அவள் உடம்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மாதத்தில் 11 கிலோ இளைத்தால் நாம் சும்மா இருப்போமா? வயது ஒரு நோயல்ல. முடி உருண்டை எப்போதாவது ஒன்று வெளியே வருவது சகஜம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வாந்தி, கூடவே எடைக்குறைவு என்றால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது.

அந்தக் கோளாறு குடலில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிற வயதான பூனை என்றாலே தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், கணைய அழற்சி ஆகியவையும் இதே முகத்தைக் காட்டும். அதனால் முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, தைராய்டுக்கான டி4, சிறுநீர், மலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடச் சொல்லுங்கள். செலவாகும்தான். ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் மாதக்கணக்கில் போடும் ஊசிச் செலவு இதைவிடக் குறைவாக இருக்காது. தைராய்டுதான் காரணம் என்றால் தினசரி மாத்திரையிலேயே கட்டுக்குள் வைக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் குடலின் நாள்பட்ட நோய் என்ற முடிவுக்கு வருவோம். அதில் மூன்று வகை: உணவு ஒத்துக்கொள்ளாததால் வருவது, குடல் சுவரில் ஏற்படும் நாள்பட்ட அழற்சி, மெதுவாக வளரும் லிம்போமா என்ற புற்றுநோய். வயிற்று ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருப்பது தெரியும். ஆனால் அது அழற்சியா லிம்போமாவா என்று ஸ்கேன் மட்டும் உறுதியாகச் சொல்லிவிடாது. அதற்குத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எந்த எந்தப் பரிசோதனை செய்ய முடியும் என்று விசாரித்து வையுங்கள்.

அந்த ஊசியில் என்ன மருந்து இருந்தது என்று டாக்டரிடம் கேட்டு, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் அழற்சி தற்காலிகமாக அடங்கும், அதனால்தான் கொஞ்ச நாள் நிம்மதி. லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச காலம் அடங்கும் என்பதால், பிறகு திசுவை எடுத்துப் பார்த்தாலும் விடை குழம்பிவிடும். அதுவும் நீண்ட நாள் உடம்பில் நிற்கிற ஸ்டீராய்டு ஊசி வயதான பூனைக்கு நல்லதல்ல. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறினால், மாத்திரையாக இருந்தால் படிப்படியாகக் குறைக்கலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

ரத்தத்தில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, அவளும் தெம்பாக இருக்கிறாள் என்றால், மருந்துக்கு முன்னால் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள். நாள்பட்ட வாந்தி, பேதியுள்ள பூனைகளில் கணிசமானவை உணவு மாற்றத்திலேயே தேறிவிடுகின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்திலேயே பலன் தெரிந்துவிடும். உங்கள் பூனை ஆயுள் முழுக்கக் கோழியும் மீனும் சாப்பிட்டவள், அதனால் அவள் இதுவரை தொடாத ஒரு புரதம் வேண்டும். புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு பாக்கெட்டாகக் கிடைக்கிறது, டாக்டர் சீட்டெழுதித் தருவார். அது கட்டுப்படியாகவில்லை என்றால், அவள் சாப்பிட்டுப் பழகாத ஆட்டுக்கறியையோ முயல்கறியையோ வேகவைத்துக் கொடுக்கலாம். உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், குழம்பில் கிடந்த துண்டுகூடக் கூடாது. வெறும் கறி சோதனைக் காலத்துக்கு மட்டும்தான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து, கால்சியம் எல்லாம் குறைந்துவிடும், சத்துச் சேர்க்கை பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் வீட்டு ஆட்களால்தான். பாட்டி ஊட்டும் ஒரு வாய் தயிர்சாதம், பக்கத்து வீட்டில் கிடைக்கும் மீன் தலை, கோழி வாசனை சேர்த்த விட்டமின் பேஸ்ட், இதில் எது உள்ளே போனாலும் நாள் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அந்த மூன்று வாரம் அவள் வெளியே போகாமல் இருக்கட்டும். பழைய உணவோடு கலந்து ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள் (முழுக்க மாறிய பிறகுதான் மூன்று வாரக் கணக்கு), லேசாகச் சூடாக்கிக் கொடுங்கள், நாளுக்கு நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்ற கணக்கு பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

இன்னொன்று, விட்டமின் பி12. இது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்பில் சேரும். அங்கே நோய் இருந்தால் சேராது. பி12 குறைவாக இருக்கும்வரை மற்ற மருந்துகளும் சரியாக வேலை செய்வதில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும். குறைவென்றால் வழக்கமாக வாரம் ஒரு ஊசி வீதம் ஆறு வாரம் போட்டு, பிறகு இடைவெளியைக் கூட்டுவார்கள். பல பூனைகளுக்கு முகத்தில் களை திரும்புவது இந்த ஊசிக்குப் பிறகுதான். பி-காம்ப்ளெக்ஸ் கலவை ஊசி இதற்கு மாற்றல்ல.

உணவு, பி12 இரண்டாலும் அடங்காவிட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. லிம்போமா என்றே உறுதியானால் கூடவே குளோராம்புசில் என்ற புற்றுநோய் மாத்திரையும் சேரும். அதை வெறும் கையால் தொடாதீர்கள், கையுறை வேண்டும். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இந்த மெதுவான வகைக்கு மருந்து கேட்கிற பூனைகளில் பல இரண்டு வருடம், அதற்கு மேலும்கூட நன்றாகச் சாப்பிட்டு விளையாடி வாழ்கின்றன. முழுக்கக் குணமாக்குவதைவிட அவளை அவஸ்தை இல்லாமல் வைத்திருப்பதுதான் நம் இலக்கு.

மாத்திரை கொடுத்த கையோடு ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்து ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். பூனைக்கு மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், கூடையில் உட்காரவைத்து சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். 100 கிராம் இறக்கம்கூட முக்கியம். கிண்ணத்தருகே வந்து முகர்ந்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போனால், அது பசியின்மை அல்ல, குமட்டல். அதற்கு நல்ல மருந்துகள் உண்டு, டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். முடிந்தால் கைபேசியில் பதிவு செய்து காட்டுங்கள்.

மனிதர்களுக்கான மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு துண்டே பூனையைக் கொன்றுவிடும். பேதி இருக்கும்போது பாலும் வேண்டாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ தெரிந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.