கிருபையைப் பற்றி எவ்வளவு கேட்டும் பயம் போகவில்லை. விசுவாசத்தை விடாமலே இதிலிருந்து குணமாக முடியுமா?

முடியும். எனக்கு நடந்துகொண்டிருக்கிறது. நடந்து முடிந்துவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் போன வாரம்கூட ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து பழைய கணக்கு ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தேன், அதனால் அப்படிச் சொல்ல முடியாது.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: சின்ன வயதில் கேட்ட நரகப் பிரசங்கங்கள் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கின்றன, ஜெபத்தில் மனம் சற்று அலைந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், எதைச் செய்தாலும் போதவில்லை என்று தோன்றுகிறது, கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் தேவன் காட்டும் தயவு, என்று யாராவது பேசினால் அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்று நினைத்துக்கொள்கிறீர்கள். கடைசி வரியில், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நானும் கடைசியில் வருகிறேன். நான் போதகர் இல்லை, மருத்துவரும் இல்லை. இதற்குள் வளர்ந்தவள், அவ்வளவுதான்.

பதினோரு வயதில் என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. அன்றன்று செய்த பாவங்களை ராத்திரி அதில் எழுதுவேன். தங்கையிடம் எரிச்சலாகப் பேசியது, ஆராதனையில் வேறு எதையோ நினைத்தது, பரீட்சையில் நன்றாக எழுதியதற்காகப் பெருமைப்பட்டது. எழுதி முடித்ததும் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்றோ என்று சந்தேகம் வரும், நினைவுக்கு வராத பாவத்தை எப்படி அறிக்கையிடுவது என்று பயம் வரும், பிறகு அந்தப் பயமே அவிசுவாசம் என்பதால் அதையும் எழுதுவேன். விடியற்காலையில் விழிப்பு வந்து வீடு அமைதியாக இருந்தால், இயேசு தம்மவர்களை எடுத்துக்கொள்ள வரும் இரகசிய வருகை நடந்துவிட்டது, என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, அம்மா மூச்சுவிடுகிறாளா என்று கதவோரம் நின்று கேட்பேன். இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்ட ஒவ்வொரு முகாமிலும் கை உயர்த்தியிருக்கிறேன். போன தடவை உயர்த்தியது உண்மையாக இருந்திருக்காது என்ற சந்தேகத்தில்தான்.

என்னை யாரும் அடிக்கவில்லை. 'இன்றைக்கு ராத்திரி நீ செத்துப்போனால் எங்கே இருப்பாய்?' என்று குழந்தைகளைப் பார்த்துக் கேட்டவர் அன்பானவர்தான், கேட்டுவிட்டு மிட்டாய் கொடுத்தார். இதனாலேயே இதைக் காயம் என்று சொல்ல எனக்குப் பல வருடம் வாய் வரவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் நான் நல்ல பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரி, சபையில் பொறுப்பான பெண், வேலையில் தவறே விடாதவள். ஒரு மின்னஞ்சலை ஆறு தடவை படித்துப் பார்த்து அனுப்பிவிட்டு, அனுப்பியதை ஏழாவது தடவை திறந்து பார்ப்பேன் என்பது யாருக்குத் தெரியும்? குறையில்லாமல் செய்ய வேண்டும் என்ற வெறி ஒரு விசித்திரமான நோய். மற்ற நோய்க்கு அனுதாபம் கிடைக்கும், இதற்குப் பாராட்டு கிடைக்கும். பக்தி என்ற பெயரும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஸ்க்ரூபுலாசிட்டி என்கிறார்கள். லத்தீனில் ஸ்க்ரூபுலுஸ் என்றால் கூரான சின்னக் கல். செருப்புக்குள் புகுந்துகொண்டு எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் குத்துமே, அப்படிப்பட்ட கல். இன்றைய மருத்துவம் இதை ஓசிடியின், அதாவது வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கும் சடங்கும் திரும்பத் திரும்ப வரும் மனநோயின், ஒரு வடிவமாகப் பார்க்கிறது. பயந்து வளர்ந்த எல்லாருக்கும் ஓசிடி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் 'மறுபடி முதலிலிருந்து' என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்குச் சட்டென்று அதுதான் தோன்றியது, ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பழைய சபை இந்தக் கல்லை நன்றாக அறிந்திருந்தது. லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் ஆறு மணி நேரம்வரை பாவ அறிக்கை செய்வார், வெளியே வந்ததும் ஒன்றை விட்டுவிட்டோமே என்று திரும்பி ஓடுவார் என்பார்கள். கேட்டுக் கேட்டு ஸ்டாபிட்ஸ் என்ற அவருடைய மேலதிகாரிக்கே சலித்துப்போயிற்று. லொயோலா இஞ்ஞாசியாருக்கு 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இதே பாடு. மூன்று நாள் எழுதி எழுதிச் செய்த பெரிய பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகும் எதையோ விட்டுவிட்டேன் என்ற அரிப்பு, தற்கொலை எண்ணம்வரை போயிற்று. மிகத் தெளிவானதைத் தவிர பழைய பாவம் எதையும் திரும்பச் சொல்லாதே என்றார் அவருடைய குரு. அது உதவவில்லை, ஏனென்றால் அவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது! இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். ஒருவர் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தின் தகப்பன், இன்னொருவர் அதை எதிர்த்து நின்ற சேசு சபையைத் தொடங்கியவர். கல் மட்டும் இருவர் செருப்பிலும் ஒன்றுதான்.

சரி, கிருபைக்கு வருகிறேன். எனக்குக் கிருபை தெரியாமல் இல்லை. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான், எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சிக்கல் என்னவென்றால், கிருபையையும் நான் ஒரு பரீட்சையாக்கிவிட்டேன். அதை முழு மனதோடு நம்ப வேண்டும், நம்பினால் சமாதானம் வர வேண்டும், எனக்குச் சமாதானம் வரவில்லை, ஆகவே நான் நம்பவில்லை, ஆகவே நான் இன்னும் வெளியேதான் நிற்கிறேன். 'ஆண்டவரின் அன்பில் இளைப்பாறு' என்று யாராவது சொன்னால், இளைப்பாறுவதில் எனக்கு எத்தனை மதிப்பெண் என்றுதான் மனம் கணக்குப் போடும். இந்த நிலையில் இருப்பவரிடம் இன்னும் நான்கு கிருபைப் பிரசங்கங்களை அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.

எனக்கு முதலில் கதவைத் திறந்தது பிரசங்கம் இல்லை, ஒரு மறுப்பு. சபையில் மூத்த அக்கா ஒருவர் இருந்தார். ஆறு வருடத்துக்கு முன் கூட வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய்யை அவரிடம் சொல்லி அழுதிருந்தேன், ஜெபம் செய்தார். இரண்டாம் முறை சொன்னேன், ஜெபம் செய்தார். மூன்றாம் முறை போன் செய்தபோது, 'இதை நான் கேட்டாச்சு. இனிமேல் கேட்க மாட்டேன். வேறு என்ன பேசலாம், சொல்லு' என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இப்படியா ஒரு ஆத்துமாவை நடத்துவது? அன்றிரவு தூங்கவே இல்லை.

பிறகு நான் பார்த்த மனநல ஆலோசகர்தான் விளக்கினார். மறுபடி அறிக்கையிட்டால் பத்து நிமிடம் நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி, அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் பசியோடு வரும். ஆகவே பயம் வரும்போது அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யாமல், அது தானாக ஏறி இறங்கும்வரை இருக்கப் பழக வேண்டும். சிகிச்சையே அதுதான். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது, செய்து பார்த்தால் உயிர் போகும். சரியாக முடியாத ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டுப் படுப்பது, இரண்டாம் மன்னிப்புக் கேட்காமல் இருப்பது, நோட்டில் எழுதாமல் இருப்பது. 'நான் சரிசெய்யாவிட்டாலும் இது என்னைத் தாண்டி எங்கேயோ சரிசெய்யப்பட்டிருக்கிறது' என்று பந்தயம் கட்டிக்கொண்டு விளக்கை அணைத்த முதல் ராத்திரி, மனதில் ஒரு சமாதானமும் இல்லை, வயிறு கலங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இருபது வருடப் பிரசங்கங்களில் இல்லாத கிருபை அந்தச் செயலில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். உணர்ந்தேனா என்றால், இல்லை. சாய்ந்துகொண்டேன், தாங்கியது.

அதற்குப் பிறகு வேதத்தை மெதுவாகத் திரும்பப் படித்தேன், எல்லாவற்றையும் இல்லை. சில பகுதிகள் இன்னும் எனக்கு ஆகாது. கெட்ட குமாரன் கதை உங்களுக்குத் தெரியும். சொத்தை அழித்துவிட்டு அப்பாவிடம் திரும்பும் அந்த மகன் முன்னதாகவே ஒரு பேச்சைத் தயாரித்துக்கொள்கிறான்: பாவம் செய்தேன், மகன் எனப்பட தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். லூக்கா 15இல் பத்தொன்பதாம் வசனத்தையும் இருபத்தொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பாவின் முன்னால் நிற்கும்போது அந்தக் கடைசிப் பகுதி வரவே இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். பாவ அறிக்கையை முழுதாகச் சொல்லி முடிக்காத ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுகிறான்! முப்பது வருடம் இந்தக் கதையைக் கேட்ட என் கண்ணில் இது படவில்லை. வயலிலிருந்து வந்து வீட்டுக்குள் போகாமல் நிற்கும் மூத்த மகன்தான் நான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு கட்டளையையும் மீறவில்லை, சொந்த வீட்டிலேயே வேலைக்காரனாக இருந்திருக்கிறான். அவனையும் அப்பா வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்பதைக் கதை சொல்லாமலே நிற்கிறது.

அப்புறம் மத்தேயு 5:48, பிதாவைப் போல நீங்களும் பூரண சற்குணராயிருங்கள் என்ற வசனம். என் முதுகில் விழுந்த பெரிய கோல் இதுதான். அங்கே உள்ள கிரேக்கச் சொல் தெலெயோஸ். முழுமையானது, முதிர்ந்தது, தன் நோக்கத்தை அடைந்தது என்றெல்லாம் பொருள்படும், தப்பே விடாதது என்பது மட்டுமில்லை. அந்த வசனத்துக்கு முன்னால் இருக்கும் பேச்செல்லாம் பகைவரை நேசிப்பதைப் பற்றியது, நல்லவர் கெட்டவர் இருவர்மேலும் மழை பெய்வதைப் பற்றியது. லூக்கா இதே இடத்தில் இரக்கமுள்ளவர்களாயிருங்கள் என்று எழுதுகிறார். அதாவது ஆள் பார்க்காமல் அன்பு காட்டு என்ற பேச்சு அது. நான் அதைக் கொண்டுபோய் மின்னஞ்சலில் காற்புள்ளி சரிபார்க்கப் பயன்படுத்தியிருக்கிறேன்.

உடம்பு மட்டும் வசன விளக்கத்துக்கு மசியாது. சில பாட்டுகளின் முதல் வரி கேட்டாலே இன்னும் உள்ளங்கை வேர்க்கும். எட்டு மாதம் நான் எந்தச் சபைக்கும் போகவில்லை, திரும்பியபோது வேறொரு சபையில் கதவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், நடுவில் எழுந்து போனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு. அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தது பேதுரு. இயேசுவைத் தெரியாது என்று அவன் மறுதலித்தது கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு கரையில் அவனுக்காகக் காத்திருந்ததும் கரிநெருப்பு போட்டுத்தான். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வேறெங்குமே வருவதில்லை, யோவானில் இந்த இரண்டு இடத்தில்தான். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்! காயம்பட்ட இடத்துக்கு அவனைக் கூட்டிப்போகிறார், ஆனால் முதலில் சாப்பிடச் சொல்கிறார். கேள்வி அப்புறம்தான்.

உங்களைச் சீக்கிரம் சபைக்குத் திரும்பச் சொல்கிறவர்களிடம் அவசரமில்லை என்று சொல்லுங்கள். பயமுறுத்தியவர்களை உடனே மன்னித்தாக வேண்டும் என்று யாராவது நெருக்கினால் அதையும் ஒரு வீட்டுப்பாடமாக்கிக்கொள்ளாதீர்கள். மாத்திரை எடுத்தால் விசுவாசக் குறைவு என்று சொல்லும் ஊழியரிடமிருந்து விலகிவிடுங்கள், இதில் மட்டும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான்.

என்னோடு வளர்ந்தவர்களில் சிலர் விசுவாசத்தை விட்டே போய்விட்டார்கள், நிம்மதியாகவும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதான் வழியாக இருந்தது. நான் ஏன் போகவில்லை என்றால், என்னைப் பயமுறுத்திய அந்தக் கடவுளும் மூத்த மகனை வீட்டுக்கு வெளியே வந்து அழைத்தவரும் ஒருவராக இருக்க முடியாது என்று பட்டது. இரண்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். வாதத்தில் நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டீர்களா? இல்லை. பரிசுத்த ஆவியைத் தூஷிப்பதற்கு மன்னிப்பில்லை என்று இயேசு எதற்காகச் சொன்னார் என்பதை மாற்கு மூன்றாம் அதிகாரம் முப்பதாம் வசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்: அவர் அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறார் என்று அவர்கள் சொன்னதற்காக. கண் முன்னால் நடந்த நன்மையைப் பார்த்து, இது பிசாசின் வேலை என்று தெளிவாக, கொஞ்சமும் கலங்காமல் சொன்னவர்கள் அவர்கள். நீங்களோ ராத்திரி தூங்காமல் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்ததும் பத்து நிமிடம் நிம்மதியாக இருக்கும், பிறகு 'ஆனால் என் விஷயம் வேறு மாதிரி' என்று ஒன்று கிளம்பும், கமெண்டில் வந்து கேட்கத் தோன்றும். கேளுங்கள், ஆனால் இந்த ஒன்றுக்கு மட்டும் நான் இன்னொரு முறை பதில் எழுத மாட்டேன். கோபம் வரும், எனக்கும் அந்த அக்காமேல் வந்தது. வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம்.