பத்தமடைப் பாய் இணையதளம்: பார்க்கிறார்கள், விசாரிப்பதில்லை

அண்ணாச்சி, பத்தமடைப் பாய்க்கு நீங்கள் போட்ட இணையதளத்தை நிறையப் பேர் பார்த்தும் ஒருவரும் விசாரிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். போனில் திறந்து பார்த்தேன். முதலில் வருவது நீளமான வரவேற்பு வாசகம். பாயைக் காண மூன்று தடவை தள்ள வேண்டியிருக்கிறது. அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்தான் முதலில் தெரிய வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது கிட்டத்தில் படம் எடுங்கள், கோரை இழை ஒவ்வொன்றாகத் தெரியட்டும். கீழேயே அளவு, விலை, நெய்து தர எத்தனை நாள் என்று போடுங்கள். விலை இல்லையென்றால் கேட்கக் கூச்சப்பட்டே பலர் போய்விடுவார்கள். புவிசார் குறியீடு (அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு) பெற்ற பாய் என்பதை அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, விலைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அப்புறம், அந்த எட்டுக் கட்டப் படிவம் வேண்டாம். வாட்ஸ்அப் பொத்தான் போதும்; அதன் இணைப்பில் உங்கள் எண்ணுக்கு முன்னால் நாட்டுக் குறியீடான 91 சேர்த்தால்தான் சரியாகத் திறக்கும்.